பாதாள பாரிஸ்... மேலே ஒரு ஆள்!

'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.'

இந்த போர்டைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? 'நமக்கென்ன வம்பு' என்று ஒதுங்கிப் போகிற ரகம் என்றால் அடுத்த பக்கத்தில் ஜோக்ஸ் இருக்கிறது, படித்துச் சிரிக்கவும். 'அப்படி உள்ளே என்னதான்யா இருக்கு?' என்று கழுத்தை நீட்டுகிற ரகம் என்றால், வாங்க ஸார், நீங்க நம்ம ஆளு.

எனக்கு இது சின்ன வயசு வியாதி. சினிமா தியேட்டரில் இடைவேளை விட்டதும் மற்ற பையன்கள் முறுக்குக்கு ஓடுவார்கள். நான் ஆபரேட்டர் ரூமுக்கு ஓடுவேன். உள்ளே போய் உதை வாங்கிக்கொண்டு வெளியே வருவேன். அடுத்த வாரமும் ஓடுவேன். இப்போதும், எந்த ஆபீஸுக்குப் போனாலும் மொட்டைமாடிக் கதவில் பூட்டு தொங்கினால் ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் கை சும்மா இருக்காது.

'சரியான கிறுக்கு' என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, உலகம் முழுக்க இந்தக் கிறுக்கு இருக்கிறது, அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள் என்று. 'அர்பன் எக்ஸ்ப்ளோரேஷன்'. கனடாவில் டொரான்டோக்காரர் ஜெஃப் சாப்மன் என்பவர் ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்திருந்தபோது பொழுது போகாமல், நோயாளிகள் போகக் கூடாத இடமெல்லாம் சுற்றிப் பார்த்தார். 1996-ல் 'இன்ஃபில்ட்ரேஷன்' என்று இதற்கென்றே ஒரு சின்னப் பத்திரிகை ஆரம்பித்தார். 'நிஞ்ஜாலிஷியஸ்' என்று புனைபெயர். ஓடாத ரயில் ஸ்டேஷன், மூடிப் போன ஆஸ்பத்திரி, மழைநீர் சுரங்கம் என்று எதையும் விடவில்லை. உடைக்காதே, திருடாதே, பார்த்துவிட்டு வந்துவிடு என்பது அவர் பாலிஸி. பாவம், 2005-ல் 31 வயதிலேயே இறந்துபோனார்.

ஆனால் இந்தக் கிறுக்குக்குத் தலைநகரம் என்று ஒன்று உண்டு என்றால் அது டொரான்டோ இல்லை. பாரிஸ். அதுவும் நீங்கள் போட்டோவில் பார்க்கிற பாரிஸ் இல்லை. அதற்கு இருபது மீட்டர் கீழே இருக்கிற பாரிஸ்.

*

2023 அக்டோபரில் பாரிஸ் போகிற யோகம் அடித்தது. காலேஜில் என் பக்கத்து பெஞ்ச் நண்பன் அங்கே ஒரு கம்பெனியில் இருக்கிறான். 'வாடா வாடா' என்று கூப்பிட்டவன், நான் போய் இறங்கிய நேரம் பார்த்து மாமனார், மாமியார் வீட்டில் இருக்க, எனக்கு லா சப்பலில் ஒரு கட்டிலைப் பிடித்துக் கொடுத்தான்.

லா சப்பல் தெரியாதவர்களுக்கு: பாரிஸின் வடக்கே, கார் து நோர் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற நம் ஊர். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் உண்டாக்கிய கடைத்தெரு. முருங்கைக்காய், கருவேப்பிலை, நகைக்கடை, புடவைக்கடை, கொத்து ரொட்டிச் சத்தம் எல்லாம் உண்டு. அங்கே ஒரு ஃபிளாட்டில் ஐந்து பேரோடு ஆறாவதாகச் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரென்ட் கிச்சனில் வேலை பார்க்கும் வன்னிப் பையன். வயது இருபத்தெட்டு. பெயர் வேண்டாம், நான் அவனை 'தம்பி' என்றேன், அவன் என்னை 'அண்ணை' என்றான், கதைக்கு அது போதும்.

முதலில் நல்ல பிள்ளையாக டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் பாதாளத்துக்குப் போனேன். கிட்டத்தட்ட 30 யூரோ. மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து வயிறு எரிந்தது. தான்ஃபேர் ரோஷ்ரோ சதுக்கத்தில் 131 படி இறங்கினால் 'காட்டகோம்ப்'. ஒன்றரை கிலோமீட்டர் நடை. வெயிலோ பனியோ, வருஷம் முழுக்க 14 டிகிரி. இரண்டு பக்கமும் தொடை எலும்பை விறகு மாதிரி அடுக்கி, நடுநடுவே மண்டையோடுகளை வைத்து பார்டர் கட்டியிருக்கிறார்கள். அறுபது லட்சம் பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். சென்னை நகரத்து ஜனத்தொகைக்குப் பக்கத்தில் வரும். ஒருத்தர்கூட இடித்துக்கொண்டு போகவில்லை.

இத்தனை எலும்பு எப்படிக் கீழே போயிற்று? நான் பி.காம் என்பதால் கணக்குப் பாஷையில் சொல்கிறேன். நோத்ர்தாம் கோவில், லூவ்ர் அரண்மனை என்று பாரிஸில் நாம் வாயைப் பிளந்து பார்க்கிற கட்டடங்களின் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல்லில் நிறைய அந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்தே வெட்டியது. ரோமானியர் காலத்தில் மேலாக்கத் தோண்டினார்கள். பிறகு சுரங்கம் போட்டுத் தோண்டினார்கள். ஆக, மேலே ஒரு கோவில் எழும்பினால் கீழே அதே அளவுக்கு ஓட்டை. டபுள் என்ட்ரி! மேலே கிரெடிட், கீழே டெபிட். நூற்றாண்டுக் கணக்கில் டெபிட் பக்கத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஊர் வளர்ந்து அந்த ஓட்டைகளுக்கு மேலேயே வீடு, தெரு எல்லாம் வந்துவிட்டது.

1774 டிசம்பரில் கணக்கு இடித்தது. நிஜமாகவே இடித்தது. ஒரு தெரு சுமார் முந்நூறு மீட்டர் நீளத்துக்கு அப்படியே உள்ளே போய்விட்டது. தெருவின் பெயர் 'ஆன்ஃபேர்'. அதாவது நரகம்! (பின்னால் 1879-ல் தான்ஃபேர் என்ற கர்னலின் பெயரை அந்த இடத்துக்கு வைத்தார்கள். நரகத்தை விடாமல் சிலேடையில் காப்பாற்றிய முனிசிபாலிட்டி வாழ்க.)

பதினாறாம் லூயி பயந்துபோய் 1777-ல் சுரங்கங்களுக்கென்றே ஒரு இலாகா ஆரம்பித்தார். முதல் இன்ஸ்பெக்டர் கியோமோ என்ற ஆர்க்கிடெக்ட். இவர் நம் கதையின் ஹீரோ, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களைக் கீழே அனுப்பி மேலே இருக்கிற ஒவ்வொரு தெருவுக்கும் நேர் கீழே தாங்குசுவர் கட்டினார். கட்டிய இடத்தில் வரிசை எண், தன் பெயரின் முதலெழுத்து, வருஷம் மூன்றையும் கல்லில் வெட்டச் சொன்னார். மேலே என்ன தெரு ஓடுகிறது என்று அதன் பெயரையும் வெட்டச் சொன்னார். கவர்மென்ட் உத்தியோகம் என்றால் அதுதான் ஸார்!

அதே சமயம் மேலே இடுகாடுகள் நிரம்பி வழிந்தன. 1780-ல் இன்னோசான் இடுகாட்டை ஒட்டிய ஒரு வீட்டின் நிலவறைச் சுவர் பிளந்துகொள்ள, உள்ளே வந்து விழுந்தது... வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பீர்கள். இடுகாட்டை மூடினார்கள். 1786-லிருந்து எலும்புகளை ராத்திரியில் வண்டி வண்டியாக, பாதிரியார்கள் மந்திரம் சொல்லிக்கொண்டு கூட வர, காலியாகக் கிடந்த சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். 1809-ல் பொதுஜனம் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள்.

112 படி ஏறி மேலே வந்து டீக்கடை தேடினேன். (கிடைக்கவில்லை.) நண்பனுக்கு போன் போட்டு, 'பாத்துட்டேண்டா, பிரமாதம்' என்றேன்.

"எத்தனை கிலோமீட்டர் பார்த்தே?"

"ஒன்றரை."

"மொத்தம் முந்நூறு கிலோமீட்டர் இருக்குடா" என்றான் பாவி.

*

மிச்சம் இருக்கிற அத்தனையும் தடை செய்யப்பட்ட இடம். 1955 நவம்பர் 2-ம் தேதி போட்ட உத்தரவு. மீறிப் போனால் 60 யூரோ வரை அபராதம். அங்கே ரோந்து சுற்றவென்றே ஒரு போலீஸ் பிரிவு உண்டு. பாரிஸ்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'காட்டாஃப்ளிக்'. போலீஸ் தேடிப் போகிற ஆசாமிகளுக்குப் பெயர் 'காட்டாஃபில்'. திருட்டுத்தனமாகக் கீழே போகிறவர்கள். மாணவர்கள், எலக்ட்ரீஷியன்கள், வக்கீல்கள், வாத்தியார்கள் எல்லாம் உண்டு. கீழே யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர்.

இவர்கள் செய்த காரியங்களைக் கேளுங்கள்.

2004. ஈஃபில் டவருக்கு எதிர்க்கரையில் ஷையோ மாளிகை. அதற்குக் கீழே போலீஸ் பயிற்சிக்காகப் போயிருக்கிறார்கள். 'கட்டட வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்' என்று ஒரு தார்ப்பாயில் போர்டு. தாண்டிப் போனால் ஆட்களைப் படம் பிடிக்கிற கேமரா! நாய்கள் குரைக்கிற சத்தம். தேடிப் பார்த்தால் அது டேப்பில் பதிவு செய்த சத்தம். இன்னும் உள்ளே போனால்... சினிமா தியேட்டர்! பாறையிலேயே படிப்படியாக இருக்கைகள், திரை, புரொஜக்டர், பழைய த்ரில்லர் படங்கள், பக்கத்து அறையில் பார், சாப்பாட்டு மேஜை. கரன்ட், டெலிபோன் கனெக்‌ஷன் வேறு. மூன்று நாள் கழித்து எலெக்ட்ரிசிடி போர்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தால் ஒயர்கள் வெட்டப்பட்டிருந்தன. தரையில் ஒரே ஒரு சீட்டு: 'எங்களைத் தேடாதீர்கள்.'

இதே கூட்டத்தோடு தொடர்புள்ள இன்னொரு கோஷ்டிக்குப் பெயர் 'உன்டர்குந்தர்'. இவர்கள் செய்தது இன்னும் அநியாயம். பாரிஸில் பாந்தியோன் என்று ஒரு பெரிய நினைவு மண்டபம். வால்டேர், ரூஸோ, விக்டர் ஹியூகோ எல்லாரும் உறங்குகிற இடம். அங்கே 1850-ல் செய்த ஒரு கடிகாரம் 1960-களிலிருந்து துருப்பிடித்து நின்றுபோய்க் கிடந்தது. 2005-ல் இந்த கோஷ்டி உள்ளே புகுந்து, கூரை மாடத்துக்குப் பக்கத்தில் ரகசியமாக ஒரு பட்டறையே போட்டு, கூட்டத்தில் இருந்த ஒரு நிஜக் கடிகாரக் கம்மியரை வைத்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேலை பார்த்து, கடிகாரத்தை ஓட வைத்துவிட்டார்கள்!

சாவி கொடுக்க ஆள் வேண்டுமே? அதனால் அவர்களே நிர்வாகியிடம் போய், 'ஸார், உங்க கடிகாரத்தை ரிப்பேர் பண்ணிட்டோம்' என்று சொன்னார்கள். பரிசாக என்ன கிடைத்தது தெரியுமா? கேஸ்! 2007-ல் கோர்ட் நான்கு பேரையும் விடுதலை செய்தது. ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை நிர்வாகம் மறுபடி நிறுத்திவிட்டது. நம்ம ஊர் ஆபீஸ்களைக் குறை சொல்கிறவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக இல்லை. 2017 ஜூனில் 16, 17 வயசுப் பையன்கள் இரண்டு பேர் உள்ளே போய் வழி தவறினார்கள். மூன்று நாள். இருட்டில், 14 டிகிரி குளிரில். மோப்ப நாய்கள்தான் கண்டுபிடித்தன.

அதற்கெல்லாம் முன்னோடி பிலிபேர் அஸ்பேர். வால் து கிராஸ் ஆஸ்பத்திரியின் வாட்ச்மேன். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1793-ல் தனியாகக் கீழே இறங்கினார். எதற்கென்று தெரியாது, மடாலயத்து மது பாட்டில்களைத் தேடித்தான் என்று ஊர் சொல்கிறது. திரும்பவில்லை. பதினொரு வருஷம் கழித்து 1804-ல் கண்டெடுத்தார்கள். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை வைத்துத்தான் அவர் என்று அடையாளம் தெரிந்தது. விழுந்த இடத்திலேயே சமாதி. இன்றைக்கும் காட்டாஃபில்கள் அவரைக் குலதெய்வம் மாதிரி கும்பிடுகிறார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு சுத்தமான புத்தி உள்ளவன் என்ன செய்வான்? வீட்டுக்குப் போவான். நான் நண்பனிடம், "உன் ஆபீஸ்ல யாராவது காட்டாஃபில் இருக்காங்களாடா?" என்றேன்.

இருந்தார். கணக்குப் பிரிவில். ஆடிட்டர்!

*

திங்கள்கிழமை ராத்திரி என்று ஏற்பாடு. சனிக்கிழமை வேண்டாமாம்; கீழே ரங்கநாதன் தெரு மாதிரி கூட்டமாம், போலீஸும் வருமாம். ஆடிட்டருக்கு இங்கிலீஷ் 'ஓகே'யோடு சரி. எனக்கு பிரெஞ்சு 'மெர்ஸி'யோடு சரி. மொழிபெயர்க்க ஆள் வேண்டும். தம்பிக்கு திங்கள்கிழமை ரெஸ்டாரென்ட் லீவு. பத்து வருஷ பிரெஞ்சு. கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரோ?" என்றான். "காசு குடுத்துப் பாத்திட்டு வந்தனீங்கள்தானே? பிறகேன் ஓட்டைக்குள்ளால போகவேணும்?"

"ஒரு த்ரில் தம்பி..."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு, "சரி, கதைச்சு விடுறதுக்கு வாறன். உள்ளுக்க வரமாட்டன்" என்றான். அதோடு தன் கிச்சன் ஷூவையும் எடுத்துக் கொடுத்தான். தடித்த ரப்பர் அடி, எண்ணெய்த் தரையிலும் வழுக்காது. "உங்கட செருப்போட போனா எலும்புகளோட எலும்பாத்தான் கிடப்பியள்."

பாரிஸைச் சுற்றி 'பெத்தித் சேன்த்யூர்' என்று ஒரு பழைய ரயில் பாதை உண்டு. 'சின்ன ஒட்டியாணம்' என்று அர்த்தம். பெரும்பாலான பகுதியில் 1934-லேயே பயணிகள் ரயில் நின்றுவிட்டது. சில இடங்களை இப்போது நடைபாதைப் பூங்காவாக ஆக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்கள் செடி மண்டிக் கிடக்கின்றன. அப்படி ஒரு இடத்தில், எந்த இடம் என்று எழுத மாட்டேன் என வாக்குக் கொடுத்திருக்கிறேன், ராத்திரி பத்து மணிக்கு மூன்று பேரும் நின்றோம். ஆடிட்டர் தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், நெற்றியில் விளக்கு, பையில் ஸ்பேர் விளக்கு இரண்டு, மேப். காலையில் டை கட்டி பாலன்ஸ் ஷீட் பார்த்த மனிதர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

சுவரோரம், தரையோடு தரையாக ஒரு ஓட்டை. நாய் புகுந்து போகிற அளவு.

தம்பி ஆடிட்டரிடம் கடகடவென்று பிரெஞ்சில் ஏதோ விசாரித்தான். எனக்குச் சொன்னான்: "பன்ரெண்டரைக்குத் திரும்பி வருவினமாம். கீழ போன் வேலை செய்யாது. நான் இஞ்சயே நிக்கிறன்."

"நீ ரூமுக்குப் போயேன் தம்பி. குளிருது."

"பன்ரெண்டரைக்கு நீங்கள் வராட்டி அதை ஆர் ஆரிட்டச் சொல்லுறது? போட்டு வாங்கோ."

நானும் போய்விட்டேன். த்ரில் என்ற போதை அப்படி. அவன் அங்கே இரண்டரை மணி நேரம் நிற்பான் என்பது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

*

உள்ளே என்ன இருந்தது?

முதல் பத்து நிமிஷம் முதுகுவலி. குனிந்து, தவழ்ந்து, பக்கவாட்டில் நுழைந்து போனேன். பிறகு கூரை கொஞ்சம் உயர்ந்தது. பிறகு தண்ணீர், முழங்கால் வரை. ஐஸ் மாதிரி, ஆனால் கண்ணாடி மாதிரி சுத்தம்; கால் வைத்ததும் பால் ஊற்றினது போல வெள்ளையாகக் கலங்கியது. சுண்ணாம்புச் சேறு.

அப்புறம் ஆடிட்டர் நின்று, விளக்கைச் சுவரில் அடித்தார். ஒரு எண். 'ஜி' என்ற எழுத்து. 1780-ஐ ஒட்டிய ஒரு வருஷம். கியோமோ! உளி பட்ட இடம் நேற்று வெட்டினது மாதிரி கூராக இருந்தது. ஸார், எலும்புக் குவியலைப் பார்த்தபோது வராத புல்லரிப்பு அந்த ஒரு ஃபைல் நம்பரைப் பார்த்தபோது வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவுக்கு மேலே இப்போது அந்தப் பெயர் இல்லை என்று சைகையில் சொன்னார். மேலே மாறிவிட்டது, கீழே மாறவில்லை.

ஒரு அறையில் கல் பெஞ்ச், கல் மேஜை, எரிந்து முடிந்த மெழுகுவர்த்திகள், சுவர் முழுக்க பெயின்டிங். யாரோ போட்டுவிட்டுப் போன பீர் டப்பாக்கள். ஆடிட்டர் முணுமுணுத்துக்கொண்டே அதையெல்லாம் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் நெற்றியைக் காட்டி, விளக்கை அணைக்கச் சொன்னார். தன்னுடையதையும் அணைத்தார்.

இருட்டு என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் கரன்ட் கட். இது வேறு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சத்தமும் இல்லை. என் இதயம் அடிப்பதும் எங்கேயோ ஒரு சொட்டு விழுவதும்தான் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். ஆனந்தம் என்றுதான் சொல்ல வேண்டும். மேனேஜர் இல்லை, ஈ.எம்.ஐ. இல்லை, உடம்பே இல்லை.

திரும்புகிற வழியில்தான் ஆனந்தம் முடிந்தது.

ஆடிட்டர் ஒரு முச்சந்தியில் நின்றார். மேப்பைப் பார்த்தார். நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி மேப். மெதுவாக அதைத் தலைகீழாகத் திருப்பினார். ட்ரையல் பாலன்ஸ் டாலி ஆகாதபோது நாம் வைத்துக்கொள்கிற முகம் இருக்கிறதே, அந்த முகம். 'ஓகே?' என்றேன். 'ஓகே' என்றார். சொன்ன விதத்திலேயே ஓகே இல்லை என்று தெரிந்தது.

மணி 12.10. பிறகு 12.35. அதே மூன்று திருப்பங்களை நான்காவது தடவையாகப் பார்க்கிறேன். வாய் உலர்ந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு இப்போது மாரடைப்பு வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு. பிலிபேர் அஸ்பேர் என்று இன்னொரு நினைப்பு. அவருக்காவது இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. என்னிடம் ஹோட்டல் கார்டுகூட இல்லை. கிச்சன் ஷூ. அதுவும் என்னுடையது இல்லை!

அப்போது மனசுக்குள் ஒரு ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம்: மேலே தம்பி நிற்கிறான். அவனுக்கு மணி தெரியும்.

அந்த ஒரு நினைப்புதான் ஸார் என்னை அலறாமல் வைத்திருந்தது.

வழி காட்டியது யார் என்கிறீர்கள்? கியோமோதான். ஆடிட்டர் மேப்பை மடித்து வைத்துவிட்டு, சுவரைத் தடவித் தடவிப் போனார். ஒரு கல்வெட்டு. வரிசை எண். அடுத்த கல்வெட்டு. அடுத்த எண். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து, தெருப் பெயரை வைத்து, நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிட்டார். இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆபீசர், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒழுங்காக ஃபைலிங் செய்ததால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு ஆபீஸில் ரிஜிஸ்டரில் தேதி போடாமல் விடப் போகிறீர்களா? யோசியுங்கள்.

*

ஓட்டையிலிருந்து தலையை நீட்டியபோது மணி 1.20.

தம்பி அங்கேயே நின்றான். ஜாக்கெட் காலரைக் காது வரை இழுத்துவிட்டு, கையில் போன். திரையில் தீயணைப்புப் படையின் நம்பர். அழுத்தவில்லை, விரல் மட்டும் மேலே.

"ஒண்டரை வரை பாப்பம் எண்டு நிண்டனான்" என்றான். திட்டவில்லை. ஆடிட்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் சைக்கிளில் போய்விட்டார்.

கடைசி மெட்ரோ போய்விட்டது. ராத்திரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பஸ்ஸே என்னைப் பார்த்தது. இடுப்புக்குக் கீழே வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தேன்.

"ஒருவேளை நான் வராமலே இருந்திருந்தா போன் பண்ணியிருப்பியா?"

"பின்ன? பொம்பியே வந்திருப்பினம். அவையோட பொலிஸும் வரும்."

"வந்தா என்ன? அறுபது யூரோ..."

"உங்களுக்கு அறுபது யூரோ அண்ணை. என்ர கார்ட் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. இப்ப கையில இருக்கிறது ரெசிப்பிஸே, ஒரு துண்டுக் கடதாசி. ராவில, பூட்டின ரயில் பாதையில நிண்டு பிடிபட்டனெண்டா என்னத்தைச் சொல்லுறது? ஃபைலில ஏறிடும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் கொடுத்து, டிக்கெட் எடுத்து, த்ரில்லுக்காகத் தடையைத் தாண்டினேன். அவன் உயிருக்காக எல்லைகளை ஒளிந்து ஒளிந்து தாண்டி வந்து, பத்து வருஷமாக ஒரு சின்னத் தடையைக்கூடத் தாண்டாமல் வாழ்கிறவன். அவனைத்தான் நான் அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

"அப்படியிருந்தும் ஏன் தம்பி நின்னே?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்குப் பூமிக்குக் கீழ போறது புதினமில்லை அண்ணை. 2009-ல எனக்குப் பதினாலு வயசு. போற போற இடமெல்லாம் பங்கர் வெட்டினனாங்கள். அம்மாவும் நாங்களும் உள்ளுக்க. அப்பா மட்டும் வெளியில நிண்டு சத்தம் கேப்பார். ஷெல் எந்தப் பக்கத்தால வருது, எப்ப நிண்டது, எப்ப வெளியில வரலாம் எண்டு அவர்தான் சொல்லுவார். கீழ இருக்கிற ஆக்களுக்கு மேல ஒராள் வேணும். இல்லாட்டி கீழ இருக்கேலாது."

பஸ் ஸீன் நதியைத் தாண்டியது.

"கடைசியா ஒருநாள் அவர் கூப்பிடேல்லை" என்றான். பிறகு, "அடுத்த ஸ்டொப், இறங்குவம்" என்றான்.

*

இதைப் படித்துவிட்டு உங்களில் நாலு பேராவது டார்ச்சைத் தேடுவீர்கள், எனக்குத் தெரியும். 'போகாதே' என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, போய்விட்டு வந்தவன். ஆனால் பூட்டின கதவையோ ஓட்டையையோ பார்த்துக் கால் அரித்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மேலே யார் நிற்கப் போகிறார்கள்? நீங்கள் வராவிட்டால் யார் யாரிடம் சொல்வார்கள்? அந்த ஆள் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்? த்ரில் நமக்கு, பில் இன்னொருத்தருக்கு என்றால் அந்தக் கணக்கு எந்த ஆடிட்டரிடமும் பாஸ் ஆகாது.

அன்றைக்கு ரூமுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. தம்பி படுத்ததும் தூங்கிவிட்டான். காலை பத்து மணிக்கு ஷிஃப்ட். நான் பாத்ரூமில் உட்கார்ந்து அவனுடைய ஷூவைக் கழுவினேன். அந்த வெள்ளைச் சேறு லேசில் போகிற ஜாதி இல்லை. பழைய டூத் பிரஷ் எடுத்து, தையல் தையலாகத் தேய்த்து, உள்ளே பேப்பர் திணித்து, ஹீட்டர் மேல் வைத்துவிட்டு, அது காய்கிறதா என்று விடியும் வரை எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது.